செல்ஃப் மோட்டாரை மாற்றுவதற்கு முன் எர்த் இணைப்பை அளந்து பாருங்கள்

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் நீண்ட கடிதத்தின் சாரத்தை மற்ற வாசகர்களுக்காக முதலில் சொல்லிவிடுகிறேன். உங்களுடையது பதினெட்டு ஆண்டு பழைய பெட்ரோல் கார். ஓராண்டாகவே சில காலைகளில் சாவியைத் திருப்பினால் 'டக் டக் டக்' என்று வேகமான ஒலி மட்டும் வருகிறது, என்ஜின் சுழல்வதில்லை. முதலில் பட்டறையில் பேட்டரியை மாற்றினார்கள். சில வாரங்கள் நன்றாக ஓடிய பிறகு பழைய தொல்லையே திரும்பி வந்தது. என்ஜின் ஓடி ஹெட்லைட் எரியும்போது பேட்டரியில் 12.9 வோல்ட்தான் காட்டுகிறது, சார்ஜ் ஏறவில்லை என்று சொல்லி, பேட்டரிக்குச் சார்ஜ் தரும் ஆல்டர்னேட்டரை மாற்றினார்கள். அதன் பிறகும் அந்த 12.9 மாறவில்லை. இரண்டாவது பேட்டரியும் வந்தாயிற்று. இப்போது, என்ஜினைச் சுழற்றி ஸ்டார்ட் செய்யும் செல்ஃப் மோட்டாரை மாற்றச் சொல்கிறார்கள். இவற்றோடு, இரவில் ஹெட்லைட்டைப் போட்ட உடனே வெப்பமானி முள் மேலே ஏறுகிறது என்றும், ஆனாலும் கூலன்ட் குறைந்ததோ கொதித்ததோ இல்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். இறுதியில், இதற்குச் சம்பந்தமில்லாத செய்தி என்று நீங்களே சொல்லிவிட்டு, ஆக்ஸிலரேட்டர் கேபிள் உள்ளே இறுகிப்போய் மாற்ற வேண்டியிருந்ததைக் குறிப்பிடுகிறீர்கள். செல்ஃப் மோட்டாரை மாற்றலாமா, காரின் கோளாறுக் குறியீடுகளைப் படிக்கும் ஸ்கேனர் ஒன்றை வாங்கிவைத்தால் இனி இப்படிப்பட்ட கோளாறுகளை நீங்களே கண்டுபிடிக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

செல்ஃப் மோட்டாரை இப்போதைக்கு மாற்றாதீர்கள். நீங்கள் தனித்தனியாக எழுதியிருக்கும் ஐந்து தொல்லைகளும், அந்த ஆக்ஸிலரேட்டர் கேபிள் உட்பட, ஒரே காரணத்தால் வரக்கூடியவை. என்ஜினுக்கும் பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் இடையிலுள்ள எர்த் இணைப்பு பழுதாகியிருக்கிறது என்பதே என் வலுவான சந்தேகம். நேரில் பார்க்காமல் இதை முடிவாகச் சொல்வது முறையாகாது. ஆனால் இதை உறுதிசெய்யவோ மறுக்கவோ வோல்ட்டை அளக்கும் சாதாரண மல்டிமீட்டர் ஒன்றும் அரை மணி நேரமும் போதும் என்பதால், எதற்காகச் சந்தேகிக்கிறேன், எப்படி அளப்பது என்ற இரண்டையும் விரிவாகவே எழுதுகிறேன்.

என்ஜின் ரப்பர் மவுண்டுகளின் மேல் உட்கார்ந்திருக்கிறது. ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது. ஆகவே என்ஜினும் காரின் பாடியும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருப்பதுபோல் தோன்றினாலும், மின்சாரத்தைப் பொறுத்தவரை அவற்றை இணைப்பது தடித்த கேபிள் ஒன்றோ, செப்புக் கம்பிகளைப் பின்னிச் செய்த பட்டை ஒன்றோதான். பல கார்களில் பேட்டரியின் நெகட்டிவ் கேபிள் முதலில் பாடியில் முடுக்கப்பட்டு, அங்கிருந்து இந்தப் பட்டை வழியாக என்ஜினுக்கோ கியர்பாக்ஸுக்கோ போகிறது. வேறு சிலவற்றில் நெகட்டிவ் கேபிள் நேராக என்ஜினுக்கும், மெல்லிய கிளை ஒன்று பாடிக்கும் போகும். எந்த அமைப்பாக இருந்தாலும் செல்ஃப் மோட்டார் இழுக்கும் மின்சாரம் முழுவதும் இந்த வழியாகத்தான் பேட்டரிக்குத் திரும்ப வேண்டும். ஆல்டர்னேட்டரும் என்ஜின் மேலேயே பொருத்தப்பட்டிருப்பதால் அது பேட்டரிக்குத் தரும் சார்ஜுக்கும் இதுவே பாதை. மழைநீர், தெறிக்கும் சேறு, பேட்டரி அமிலத்தின் ஆவி, ஓயாத அதிர்வு ஆகியவற்றுக்கு நடுவே பதினெட்டு ஆண்டுகள் இருந்த பட்டை வெளியே முழுதாகத் தெரிந்தாலும், அதன் முனையில் போல்ட் நுழையும் உலோக வளையமான லக்குக்குள் கம்பிகள் பச்சை பூத்து அறுந்திருக்கலாம். பட்டை நன்றாக இருந்து, போல்ட்டுக்கு அடியில் உள்ள தகடு மட்டும் துருப்பிடித்திருக்கவும் கூடும்.

அந்த இணைப்பில் 0.03 ஓம் அளவுக்கு மின்தடை உண்டாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கையிலுள்ள மீட்டரை ஓம் அளவுக்குத் திருப்பிச் சோதித்தால் அது பூஜ்யத்திலிருந்து பிரித்தறிய முடியாத அளவையே காட்டும், ஏனென்றால் மீட்டரின் சொந்தக் கம்பிகளின் தடையே அதைவிட அதிகம். 'எர்த் எல்லாம் பார்த்துவிட்டோம், நன்றாக இருக்கிறது' என்று பட்டறையில் உண்மையாகவே நம்பிச் சொல்வதற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஆனால் சிறிய பெட்ரோல் என்ஜினைச் சுழற்றும் செல்ஃப் மோட்டார் ஏறத்தாழ 150 ஆம்பியர் இழுக்கிறது. 150 ஆம்பியர் 0.03 ஓம் வழியாகப் போகும்போது 4.5 வோல்ட் அந்த இணைப்பிலேயே வெப்பமாகத் தொலைந்துபோகிறது. மீதமிருப்பதை வைத்துக்கொண்டு மோட்டாரால் என்ஜினைத் திருப்ப முடியாது.

நீங்கள் கேட்கும் 'டக் டக் டக்' ஒலியும் இதனால்தான். செல்ஃப் மோட்டாரின் தலையிலுள்ள சொலினாய்டு என்னும் மின்காந்த சுவிட்ச் இழுத்துக்கொண்டதும் மோட்டாருக்குப் பெரிய மின்சாரம் பாய்கிறது. உடனே வோல்டேஜ் சரிகிறது, சரிந்ததும் சொலினாய்டின் பிடி விட்டுப்போகிறது, பிடி விட்டதும் வோல்டேஜ் மீள்கிறது, மறுபடி இழுக்கிறது. பேட்டரி தீர்ந்திருந்தாலும் இதே ஒலி வரும். அதனால்தான் முதலில் எல்லோரும் பேட்டரியைச் சந்தேகிக்கிறார்கள், அது தவறான தொடக்கமும் இல்லை. ஒலியே இல்லாமல் இருந்தால் சாவி சுவிட்ச், ரிலே, கிளட்ச் அல்லது கியர் நிலையைக் காட்டும் சுவிட்ச் என்ற வரிசையில் தேட வேண்டும். ஒரே ஒரு பலத்த 'டக்' மட்டும் வந்து நின்றால் சொலினாய்டின் உள் தொடுமுனைகளோ மோட்டாரின் பிரஷ்களோ தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். உங்கள் காரில் வரும் ஒலி இந்த இரண்டிலும் சேரவில்லை.

இப்போது அந்த 12.9 வோல்ட்டுக்கு வருவோம். ஆல்டர்னேட்டர் தன் உடலுக்கும் தன் பாசிட்டிவ் முனைக்கும் இடையே 14 வோல்ட்டுக்குச் சற்று மேலே இருக்குமாறு தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்கிறது. ஹெட்லைட், பிளோயர் எல்லாம் ஓடும்போது 40 ஆம்பியர் போகிறதென்றால், அதே 0.03 ஓமில் 1.2 வோல்ட் இழப்பு ஏற்படும். அப்போது ஆல்டர்னேட்டர் தன்னிடத்தில் 14.1 வோல்ட் தந்தாலும் பேட்டரியின் முனைகளில் 12.9 மட்டுமே எட்டும். பழைய ஆல்டர்னேட்டரைக் கழற்றிப் புதியதை மாட்டிய பிறகும் அளவு துளிகூட மாறவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த இடத்திலேயே தேடலின் திசை மாறியிருக்க வேண்டும். புதிய பொருளை மாட்டியும் அதே அளவு வருகிறதென்றால், கழற்றிய பொருள் நன்றாகத்தான் இருந்தது என்று கொள்வதே நியாயம். முழுமையாக ஏறிய ஈய-அமில பேட்டரி ஓய்வில் 12.6 முதல் 12.7 வோல்ட் காட்டும், 12.2 என்றால் ஏறத்தாழப் பாதிதான் இருக்கிறது, 12-க்குக் கீழே போனால் கிட்டத்தட்டக் காலி. சார்ஜ் ஏற 14 வோல்ட் அளவில் அழுத்தம் தேவைப்படும் பேட்டரிக்கு மாதக்கணக்கில் 12.9 மட்டும் கிடைத்தால் அது என்றுமே நிரம்பாது. நிரம்பாமலே கிடக்கும் பேட்டரியின் தகடுகளில் சல்பேட் படிந்து இறுகி, அதன் கொள்ளளவு நிரந்தரமாகக் குறைந்துவிடும். ஆகவே உங்கள் முதல் புதிய பேட்டரி உண்மையாகவே கெட்டிருக்கலாம். ஆனால் அதைக் கெடுத்த காரணம் காரிலேயே இருக்க, இரண்டாவதும் அதே பாதையில் போய்க்கொண்டிருக்கிறது.

ஒவ்வொரு முறை மாற்றியபோதும் சில வாரங்கள் ஏன் நன்றாக ஓடியது என்பது நியாயமான கேள்வி. புதிய பேட்டரி முழு சார்ஜுடன் வருவதால் அந்த இழப்பைச் சில காலம் தாங்கிக்கொள்ளும். அதோடு, பேட்டரியையோ ஆல்டர்னேட்டரையோ மாற்றும்போது கேபிள்கள் அசைக்கப்பட்டு, டெர்மினல்கள் சுரண்டப்பட்டு, பழைய போல்ட்டுகள் மீண்டும் முடுக்கப்படுகின்றன. அந்த அசைவில் தொடுபரப்பு தற்காலிகமாகச் சரியாகி, அதிர்வில் மறுபடி தளர்கிறது. மாற்றிய பொருள் வேலை செய்தது என்ற எண்ணம் இப்படித்தான் பிறக்கிறது. காலையில் மட்டும் தொல்லை வருவதற்கும் விளக்கம் உண்டு: குளிர்ந்த என்ஜினில் ஆயில் கெட்டியாக இருப்பதால் மோட்டார் அதிக மின்சாரம் இழுக்கிறது, பேட்டரியின் வலுவும் குளிரில் குறைகிறது, இரவு ஈரம் துருப்பிடித்த இணைப்பை இன்னும் மோசமாக்குகிறது.

வெப்பமானி முள்ளின் செய்கை என் சந்தேகத்தை மேலும் வலுப்படுத்துகிறது. சில லிட்டர் கூலன்ட்டும் ஒரு முழு என்ஜினும் ஹெட்லைட் சுவிட்சைப் போட்ட ஒரு நொடியில் சூடாக முடியாது. சுவிட்சோடு சேர்ந்து ஏறும் முள் வெப்பத்தைக் காட்டவில்லை, மின்சாரத்தைத்தான் காட்டுகிறது. பழைய வடிவமைப்புள்ள பல கார்களில் வெப்பமானிக்கான சென்சாருக்கு ஒரே ஒரு கம்பிதான் உண்டு. அதன் மறுமுனை என்ஜினின் உலோகமே. என்ஜின் சூடாக ஆகச் சென்சாரின் மின்தடை குறைந்து, அதிக மின்சாரம் ஓடி, முள் ஏறும். எர்த் பழுதாகிவிட்டால், மின்சுமை கூடும்போதெல்லாம் என்ஜினின் உலோகம் பாடியைவிட ஒரு வோல்ட் அளவுக்குத் தாழ்ந்துபோகிறது. இதனால் சென்சார் வழியாக வழக்கத்தைவிட அதிக மின்சாரம் இழுக்கப்பட்டு, சூடு கூடியதுபோல் முள் நகர்கிறது. உங்கள் காரின் அந்தச் சென்சாரில் ஒற்றைக் கம்பிதான் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் இந்த விளக்கம் முழுமையாகப் பொருந்தும்.

தொடர்பில்லாதது என்று நீங்கள் ஒதுக்கிய ஆக்ஸிலரேட்டர் கேபிளைத்தான் நான் மிகவும் கவனத்துடன் படித்தேன். உரிய பாதை அடைபட்டால் செல்ஃப் மோட்டாரின் மின்சாரம் வேறு வழியைத் தேடிக்கொள்கிறது. என்ஜினையும் பாடியையும் உலோகத்தால் இணைப்பவை ஆக்ஸிலரேட்டர் கேபிள், கிளட்ச் மற்றும் கியர் கேபிள்கள் போன்றவைதான். பத்து ஆம்பியரைக்கூடத் தாங்க வடிவமைக்கப்படாத அந்த மெல்லிய கேபிளில் பல பத்து ஆம்பியர் பாயும்போது அது சூடாகி, உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் உறை உருகிக் கம்பியைப் பிடித்துக்கொள்கிறது. ஓடும் காரில் ஆக்ஸிலரேட்டர் திறந்த நிலையில் மாட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்பதை எண்ணித்தான் இந்தப் பதிலை அவசரமாக எழுதுகிறேன். எர்த்தைச் சரிசெய்யும் வரை, காலையில் ஸ்டார்ட் ஆகாதபோது திரும்பத் திரும்பச் சாவியைத் திருப்பாதீர்கள். புதிய கேபிளும் அதே போலக் கெடும்.

சோதனைக்கு முன் மோதிரம், கைக்கடிகாரம், உலோகச் சங்கிலி ஆகியவற்றைக் கழற்றிவிடுங்கள். பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளிவரும் என்பதால் அருகில் தீப்பொறி கூடாது. கியரை நியூட்ரலில் வைத்து, ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டு, என்ஜின் பிடித்துக்கொள்ளாமல் இருக்க எரிபொருள் பம்ப்பின் ஃபியூஸை எடுத்துவிடுங்கள். மல்டிமீட்டரை டிசி 20 வோல்ட் அளவில் வையுங்கள். கருப்பு முனையை பேட்டரியின் நெகட்டிவ் கம்பத்தின் (பேட்டரியிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் ஈய முனை) மேலேயே வையுங்கள், அதைக் கவ்வும் கிளாம்பின் மேல் வைக்க வேண்டாம், ஏனென்றால் கம்பத்துக்கும் கிளாம்புக்கும் இடையிலேயே பழுது இருக்கலாம். சிவப்பு முனையை என்ஜினின் சுத்தமான, பெயின்ட் இல்லாத உலோகத்தில் அழுத்துங்கள். இன்னொருவரைச் சாவியைத் திருப்பச் சொல்லி, சில நொடிகள் மோட்டார் இழுக்கும்போது மீட்டரைப் படியுங்கள். 0.2 வோல்ட் வரை இருந்தால் அந்தப் பாதை நன்றாக இருக்கிறது. 0.5-ஐத் தாண்டினால் பழுது உறுதி. உங்கள் காரில் ஒரு வோல்ட்டுக்கு மேல் வந்தாலும் நான் வியக்கமாட்டேன். அளவு அதிகமாக வந்தால் சிவப்பு முனையைப் படிப்படியாக பேட்டரியை நோக்கி நகர்த்துங்கள்: பட்டையின் என்ஜின் பக்க லக், பாடிப் பக்க லக், பாடியின் தகடு, நெகட்டிவ் கேபிளின் லக், கடைசியாக கிளாம்ப். எந்த இரண்டு புள்ளிகளுக்கு நடுவே அளவு சட்டென்று விழுகிறதோ அங்கேதான் பழுது. இதேபோல பேட்டரியின் பாசிட்டிவ் கம்பத்துக்கும் செல்ஃப் மோட்டாரின் தடித்த கேபிள் முனைக்கும் நடுவேயும் அளந்துவிடுங்கள். அங்கே 0.5 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். ஒரு தடவைக்குப் பத்து நொடிக்கு மேல் மோட்டாரை ஓட்டாமல், இடையே ஒரு நிமிடமாவது ஆறவிடுங்கள்.

மீட்டர் கைவசம் இல்லாத காலையில் கார் நின்றுவிட்டால் இன்னும் எளிய சோதனை ஒன்று உண்டு. ஒரு காரிலிருந்து இன்னொன்றுக்குச் சார்ஜ் கொடுக்கப் பயன்படும் தடித்த ஜம்பர் கேபிளில் கருப்பு ஒன்றை மட்டும் எடுத்து, ஒரு முனையை என்ஜினின் உறுதியான உலோகப் பகுதியிலும், மறுமுனையை பேட்டரியின் நெகட்டிவ்விலும் கவ்வவிட்டு, பெல்ட், ஃபேன் ஆகியவற்றிலிருந்து விலக்கிவைத்து சாவியைத் திருப்புங்கள். அதுவரை 'டக் டக்' என்றிருந்த என்ஜின் விறுவிறுவென்று சுழன்றால் காரணம் கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது. பேட்டரியை என்ஜின் ஓடும்போது கழற்றிப் பார்க்கும் பழைய வழக்கத்தை மட்டும் யார் சொன்னாலும் அனுமதிக்காதீர்கள். ஆல்டர்னேட்டரின் சுமை திடீரென்று அறுபடும்போது எழும் வோல்டேஜ் எழுச்சி என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூவையே எரித்துவிடக்கூடும்.

பழுது எர்த்தில்தான் என்று தெரிந்தால் வேலை பெரிதில்லை. பேட்டரியின் நெகட்டிவ்வை முதலில் கழற்றுங்கள், மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்டுங்கள். பழைய பட்டையைச் சுத்தம் செய்து மறுபடி மாட்டுவதைவிட, அதே தடிமனிலோ அதைவிடத் தடித்ததாகவோ புதியதைப் போடுவதே நல்லது. லக் உட்காரும் இரண்டு பக்கங்களையும் வெள்ளை உலோகம் தெரியும் வரை கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, இறுக முடுக்கிய பிறகு மேலே வாசலினோ கிரீஸோ பூசி ஈரம் புகாமல் காக்கச் சொல்லுங்கள். என்ஜின் மவுண்டுகளையும் அப்போதே பார்த்துவிடச் சொல்லுங்கள். ரப்பர் நைந்துபோன மவுண்டில் என்ஜின் ஒவ்வொரு முறையும் அளவுக்கு மீறி ஆடும், அந்த ஆட்டம்தான் பட்டையின் கம்பிகளை லக்கின் விளிம்பில் ஒவ்வொன்றாக அறுக்கிறது. மவுண்டை விட்டுவிட்டுப் பட்டையை மட்டும் மாற்றினால் அதே பட்டை மறுபடி அறுபடும். இவையெல்லாம் முடிந்ததும், பாதி காலியான பேட்டரியை நிரப்பும் வேலையை ஆல்டர்னேட்டரிடம் விடாமல், வெளிச் சார்ஜரில் மெதுவாக முழுமையாக ஏற்றி, ஓர் இரவு ஓய்வுக்குப் பின் அளந்து பாருங்கள். 12.6 நின்றால் பேட்டரி தப்பித்தது.

எர்த்திலும் பாசிட்டிவ் பாதையிலும் இழப்பு இல்லை என்று மீட்டர் சொன்னால் என் சந்தேகம் தவறு என்று ஏற்றுக்கொண்டு அடுத்ததற்குப் போக வேண்டும். மோட்டாரின் தடித்த முனையில் 10 வோல்ட்டுக்கு மேல் வந்தும் அது சுழலவில்லை என்றால், அப்போது செல்ஃப் மோட்டாரைக் கழற்றிப் பார்ப்பது சரி. அதற்கு முன் கிராங்க் புல்லியின் போல்ட்டில் ஸ்பேனர் போட்டு என்ஜின் கையால் திரும்புகிறதா என்றும் பார்த்துவிடுங்கள். பேட்டரியின் கம்பங்களிலேயே வோல்டேஜ் 9-க்குக் கீழே சரிந்தால் பேட்டரியைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். இரவில் 12.6 இருந்தது காலையில் 12.2 ஆகியிருந்தால் கார் நிற்கும்போதே எங்கோ மின்சாரம் கசிகிறது. பூட்டிய கார் 50 மில்லியாம்பியருக்குள் இழுப்பது வழக்கமானது, அது நாளைக்கு 1.2 ஆம்பியர்-மணிதான். அரை ஆம்பியர் இழுத்தால் நாளைக்கு 12 ஆம்பியர்-மணி போய்விடும். சிறிய காரின் 45 ஆம்பியர்-மணி பேட்டரி நான்கு நாளைக்கும் தாங்காது.

வெப்பமானியைப் பற்றி ஓர் எச்சரிக்கை. எர்த்தைச் சரிசெய்த பிறகும் முள் ஏறினால் அதை உண்மையான சூடாகவே எடுத்துக்கொள்ளுங்கள். நெரிசலில் ஏறி, வேகமாகப் போகும்போது இறங்கினால் ரேடியேட்டர் ஃபேனைப் பார்க்க வேண்டும். வேகத்தில் ஏறினால் ரேடியேட்டர் அடைப்பையோ வாட்டர் பம்பையோ பார்க்க வேண்டும். என்ஜின் சூடான பிறகும் ரேடியேட்டரின் மேல் குழாய் குளிர்ந்தே இருந்தால், கூலன்ட்டுக்கு வழிவிடும் தெர்மோஸ்டாட் திறக்கவில்லை. சூடான ரேடியேட்டரின் மூடியை எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள். ஒரு பார் அழுத்தத்தில் தண்ணீர் 120 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் இருக்கும், மூடி திறந்த கணத்தில் அது மொத்தமாகக் கொதித்து முகத்தில் அடிக்கும்.

ஸ்கேனரைப் பொறுத்தவரை, அது பயனுள்ள கருவி. ஆனால் உங்கள் இன்றைய சிக்கலுக்கு அது உதவாது. ஈசியூ கண்காணிக்கும் சுற்றுகளைப் பற்றி மட்டுமே அதற்குத் தெரியும், எர்த் பட்டையைக் கண்காணிக்க எந்தச் சென்சாரும் இல்லை. அதிகபட்சம் காரின் மின் அமைப்பில் வோல்டேஜ் குறைவு என்னும் பி0562 குறியீட்டைக் காட்டலாம், அது உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த செய்தி. குறியீடு எந்தப் பொருளை மாற்ற வேண்டும் என்று சொல்வதில்லை. பி0171 என்றால் கலவையில் பெட்ரோல் குறைவு என்று மட்டுமே பொருள். அதற்குக் காரணம் எங்கோ காற்று கசியும் ரப்பர் குழாயாகவோ, வலுவிழந்த எரிபொருள் பம்பாகவோ, அழுக்கேறிய காற்றோட்ட சென்சாராகவோ இருக்கலாம். அதைப் பார்த்ததும் ஆக்ஸிஜன் சென்சாரை வாங்குகிறவர்கள் ஏராளம். ஒன்றைத்தான் வாங்க முடியும் என்றால் நல்ல மல்டிமீட்டரை வாங்குங்கள்.

அளந்த பிறகும் குழப்பம் தீராவிட்டால் மூன்று எண்களை எனக்கு எழுதி அனுப்புங்கள்: மோட்டார் இழுக்கும்போது பேட்டரியின் இரு கம்பங்களுக்கு நடுவே உள்ள வோல்ட், அதே வேளையில் நெகட்டிவ் கம்பத்துக்கும் என்ஜினுக்கும் நடுவே உள்ள வோல்ட், பாசிட்டிவ் கம்பத்துக்கும் மோட்டார் முனைக்கும் நடுவே உள்ள வோல்ட். அந்த மூன்றையும் செல்ஃப் மோட்டாரை மாற்றச் சொல்லும் மெக்கானிக்கிடமும் காட்டுங்கள்.